டவர் உச்சிக்குப் போகும் டிசி கேபிள்: அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிப்பது

கீழே பெட்டியில் நான்கு 12 வோல்ட் பேட்டரிகள், தொடரில் இணைத்து 48 வோல்ட். அங்கிருந்து 60 மீட்டர் கேபிள் டவர் காலோடு ஒட்டி ஏறுகிறது. உச்சியில் இன்னொரு பெட்டி, அதற்குள் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச், அதிலிருந்து நான்கைந்து ரேடியோக்கள். கிராமங்களுக்கு வயர்லெஸ் இன்டர்நெட் கொடுக்கும் சின்ன நிறுவனங்களின் டவர்களில் இந்த அமைப்பை நிறையப் பார்க்கலாம். சில இடங்களில் 24 வோல்ட் ஓடும், பழைய இடங்களில் 12 கூட உண்டு.

லிங்க், அதாவது ரேடியோ வழி இணைப்பு, விழுந்தால் எல்லோரும் முதலில் ரேடியோவைத்தான் சந்தேகப்படுகிறார்கள். புது ரேடியோவைத் தூக்கிக்கொண்டு ஏறி, மாற்றிவிட்டு இறங்குவோம். இரண்டு நாளில் அதுவும் பழையது போலவே விழும். கழற்றி வந்ததை மேசையில் வைத்து ஓட்டிப் பார்த்தால் ஒரு குறையும் இருக்காது. இப்படி நல்ல ரேடியோக்களைப் பல தடவை இறக்கிய பிறகு, எந்தப் புகார் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்வி: மேலே எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது உச்சியில் எத்தனை வோல்ட்? கீழே இருக்கும் வோல்ட்டை வைத்தோ, மேலே கருவியைக் கழற்றிவிட்டு அளந்த வோல்ட்டை வைத்தோ எதையும் முடிவு செய்யக் கூடாது. சுமை இல்லாத கேபிள், அறுந்து போகாத வரை எவ்வளவு கெட்டிருந்தாலும், முழு வோல்ட்டைத்தான் காட்டும்.

## ஏறுவதற்கு முன்

தனியாக ஏறாதீர்கள். முழு உடல் பெல்ட், இரண்டு கொக்கிகள், எந்த நேரமும் ஒரு கொக்கியாவது மாட்டியிருக்க வேண்டும். தூரத்தில் இடிச் சத்தம் கேட்டாலும் அன்றைக்கு ஏற்றம் இல்லை. வேறு நிறுவனத்தின் செல்போன் ஆன்டெனாக்கள் அதே டவரில் இருந்தால், டவர் உரிமையாளரிடம் சொல்லி அனுமதி வாங்காமல் அவற்றின் முன்னால் போகக் கூடாது. உச்சிப் பெட்டியில் கதண்டோ குளவியோ கூடு கட்டியிருக்கிறதா என்று கீழே நின்று பைனாகுலரில் பாருங்கள். நாற்பது மீட்டர் உயரத்தில் குளவி கொட்டினால் ஓட இடமில்லை.

பேட்டரிப் பக்கம் வேலை செய்யும்போது மோதிரம், வாட்ச், கைச்சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். 48 வோல்ட்தானே என்று நினைக்க வேண்டாம். பேட்டரி முனைகளுக்குக் குறுக்கே ஒரு ஸ்பானர் விழுந்தால் அது சிவக்கச் சிவக்கக் காய்ந்துவிடும்.

ஏறுவதற்கு முன்பே பாதி வேலையைக் கீழே முடித்துவிடலாம். மைக்ரோடிக் நிறுவனத்துடையவை போன்ற பல கருவிகள் தமக்கு வரும் வோல்ட்டைத் தமது பக்கத்திலேயே காட்டும். லிங்க் உயிரோடு இருக்கும்போது உள்ளே போய் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே நிமிடம் கீழே பெட்டியிலும் அளந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இந்த இரண்டு எண்கள் எத்தனையோ ஏற்றங்களை மிச்சப்படுத்தும்.

ஒரு எச்சரிக்கை. கடையில் கிடைக்கும் சாதாரண கிளாம்ப் மீட்டர் ஏசி ஆம்பியரை மட்டுமே காட்டும். டிசி கேபிளில் மாட்டினால் பூஜ்யம் காட்டும், நாமும் கரன்ட்டே போகவில்லை என்று நம்பிவிடுவோம். டிசி ஆம்பியரும் அளக்கும் என்று போட்டிருக்கிற மீட்டரைக் கேட்டு வாங்குங்கள்.

## கையில் இருக்க வேண்டிய எண்கள்

60 மீட்டர் டவர் என்றால் கரன்ட் போகவும் வரவும் சேர்த்து 120 மீட்டர் செம்பு. அதன் மொத்தத் தடை 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) கேபிளில் 1.6 ஓம், 2.5 ஸ்கொயரில் ஏறக்குறைய 1 ஓம், 4 ஸ்கொயரில் 0.6, 6 ஸ்கொயரில் 0.4. ஓடுகிற ஆம்பியரோடு இதைப் பெருக்கினால் வழியில் இழக்க வேண்டிய வோல்ட் வரும். 2.5 ஸ்கொயரில் 2 ஆம்பியர் ஓடினால் 2 வோல்ட் இழப்பது நியாயம். அளந்து பார்த்தால் 5 வோல்ட் இழக்கிறது என்றால், நடுவில் எங்கேயோ ஒரு கெட்ட இணைப்போ கேபிளோ இருக்கிறது.

உயரம் வேறு என்றால் அதே விகிதத்தில் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். 30 மீட்டருக்குப் பாதி.

## அறிகுறி 1: மேலே எதுவுமே எரியவில்லை

கீழேயே தொடங்குங்கள். பிரேக்கர் மேலே நிற்கிறதா, ஃபியூஸ் போயிருக்கிறதா, பேட்டரி குறைந்ததும் தானே துண்டிக்கும் ரிலே துண்டித்துவிட்டதா. பிரேக்கர் மேலே நின்றாலும் அதன் வெளி முனையில் மீட்டர் வையுங்கள். வெளியே பார்க்க நன்றாக இருந்து உள்ளே காண்டாக்ட் கருகிப்போன பிரேக்கர்கள் உண்டு. பிரேக்கர் நிற்காமல் ட்ரிப் ஆகிறது என்றால் அறிகுறி 5-க்குப் போங்கள்.

வெளி முனையில் வோல்ட் இருக்கிறது, கிளாம்ப் மீட்டரில் பூஜ்யம். கரன்ட் போகும் வழி எங்கேயோ அறுந்திருக்கிறது. பிரேக்கரை இறக்கி, கேபிளின் பிளஸ், மைனஸ் இரண்டு முனைகளையும் கீழே கழற்றி, ஒரு நிமிடம் பொறுத்து, மீட்டரை ஓமில் வைத்து இரண்டு முனைகளுக்கும் குறுக்கே பிடியுங்கள். எண் சிறிதாகத் தொடங்கி மெல்ல மெல்ல ஏறினால், மேலே இருக்கும் கருவியின் கெப்பாசிட்டர் நிரம்புகிறது என்று அர்த்தம். கேபிள் உச்சி வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. பிரோபை மாற்றிப் பிடித்தாலும் அசையாமல் திறந்த வழியையே காட்டினால், பெரும்பாலும் கேபிள் அறுந்திருக்கும் அல்லது மேல் முனை கழன்றிருக்கும். ஏறாமலே செய்யக்கூடிய சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

அறுந்திருக்கிறது என்று தெரிந்தால் ஏறும் வழியெல்லாம் கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போங்கள். முதல் மூன்று மீட்டரில் எலியும் அணிலும் கடித்திருக்கும். ஆள் நடமாட்டம் இல்லாத இடங்களில் செம்புக்காக வெட்டிக்கொண்டு போவதும் அந்த உயரம் வரைதான். அதற்கு மேலே டவரின் ஆங்கிள் விளிம்பில் கேபிள் உரசும் இடங்களைப் பாருங்கள். காக்கைக் கூடு இருந்தால் அதையும் பாருங்கள். கம்பித் துண்டுகளைச் சேர்த்துக் கூடு கட்டுகிற பறவை அது, அந்தக் கம்பி முனைகளுக்குக் குறுக்கே கிடக்கலாம். முட்டையோ குஞ்சோ இருந்தால் கூட்டைத் தொடாமல் கம்பியை மட்டும் விலக்க முடியுமா என்று பாருங்கள்.

கிளாம்ப் மீட்டரில் கொஞ்சம் ஆம்பியர் காட்டுகிறது, மேலே விளக்கு இல்லை. கேபிள் அறுபடவில்லை, மேலே உள்ள, வோல்ட்டை மாற்றித் தரும் கன்வெர்ட்டரோ ஸ்விட்சோ போயிருக்கலாம். அண்மையில் யாராவது பெட்டியைத் திறந்து வேலை செய்திருந்தால் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நிறத்தை நம்ப வேண்டாம். சிவப்பு மைனஸாகவும் நீலம் மைனஸாகவும் இரண்டு விதமும் நான் பார்த்திருக்கிறேன்.

## அறிகுறி 2: ஓடுகிறது, ஆனால் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது

இந்த ஒரு புகார்தான் என்னை அதிகம் ஏற வைத்தது. எந்த நேரத்தில் ரீஸ்டார்ட் ஆகிறது என்று முதலில் எழுதுங்கள். கருவி எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று காட்டும் அப்டைமைப் பார்த்து ஒரு வாரம் குறித்தால் போதும், பாதிப் பதில் கிடைத்துவிடும்.

காற்று அடிக்கும்போது. லூஸ் கான்டாக்ட். மேல் பெட்டியின் ஸ்க்ரூ முனைகள் பகல் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கி, காற்றில் அதிர்ந்து, மாதக் கணக்கில் தளர்ந்துகொண்டே வரும். இழை இழையான ஒயரை லக் (ஒயர் முனையில் அழுத்தி மாட்டும் உலோகக் குழல்) போடாமல் நேராக ஸ்க்ரூவுக்குள் செருகியிருந்தால் இன்னும் சீக்கிரம் தளரும். ஸ்க்ரூவை முறுக்கி மட்டும் விடாதீர்கள். முனையை வெட்டி, புதுச் செம்பு எடுத்து, பின் லக் வைத்து, சரியான கிரிம்பிங் டூலால் அழுத்தி மாட்டுங்கள். கட்டிங் பிளையரால் நசுக்கிய லக், லக் இல்லாததற்குச் சமம். அப்புறம் கேபிள் எடை அந்த ஸ்க்ரூவில் தொங்குகிறதா என்று பாருங்கள். பெட்டிக்குக் கொஞ்சம் கீழே ஒரு பிடிப்பு, அதன் பிறகு ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஒரு பிடிப்பாவது வேண்டும். கறுப்பு நைலான் டை சில வருடம் தாங்கும், வெள்ளை டை ஒன்றிரண்டு கோடையிலேயே பொடிந்து உதிரும்.

மதியம் இரண்டு மூன்று மணிக்கு. வெயிலில் காய்ந்த கறுப்புக் கேபிள் 60 டிகிரி வரை சூடேறினால், 20 டிகிரியில் இருந்ததைவிட அதன் தடை 16 சதவீதம் கூடும். நல்ல அளவில் போட்ட கேபிளுக்கு இது ஒன்றுமே இல்லை. எல்லையில் நிற்கிற கேபிளை இதுவே கவிழ்த்துவிடும். மேல் பெட்டிக்குள் கன்வெர்ட்டர் சூட்டில் அணைகிறதா என்பதையும் இங்கேயே பார்க்க வேண்டும். உள்ளீட்டு வோல்ட் குறையாமலே ரீஸ்டார்ட் ஆனால் பெரும்பாலும் சூடுதான் காரணம்.

இரவு எட்டு மணிக்கு மேல், எல்லோரும் பயன்படுத்தும்போது. ரேடியோக்கள் அதிகம் அனுப்பும்போது அதிகம் இழுக்கும். மேலே உள்ள கருவிகள் வோல்ட் குறைந்தால் ஆம்பியரைக் கூட்டிக்கொள்ளும் வகை. ஆம்பியர் கூடினால் கேபிளில் இன்னும் இழப்பு, இழப்பு கூடினால் இன்னும் ஆம்பியர். ஓர் எல்லைக்குப் பிறகு இது சரிந்து விழும். 60 மீட்டர், 2.5 ஸ்கொயர், மேலே 100 வாட் சுமை என்று வையுங்கள். 48 வோல்ட்டில் வழியில் 2 வோல்ட்டுக்குச் சற்று மேலே போகும், கவலையில்லை. 24 வோல்ட்டில் 5 வோல்ட் போய்விடும், மேலே 19-தான் மிஞ்சும். 12 வோல்ட்டில் அந்தக் கேபிள் வழியாக 100 வாட் போகவே போகாது. என்ன செய்தாலும் அதில் அனுப்ப முடிந்தது 37 வாட்தான். 12 வோல்ட் டவரில் ரேடியோவுக்கு மேல் ரேடியோ ஏற்றிக்கொண்டே போய், ஒரு நாள் எல்லாமே படுத்துவிட்டது என்று வரும் புகாருக்குக் காரணம் இதுதான்.

நேரமே பிடிபடவில்லை. சுமையோடு சோதிக்க வேண்டும். இதற்கு விலை உயர்ந்த கருவி வேண்டாம், லாரி ஹெட்லைட் பல்பு இரண்டு போதும். 24 வோல்ட், 70 வாட் பல்பு இரண்டைத் தொடரில் இணைத்து 48 வோல்ட்டில் போட்டால் ஏறக்குறைய 3 ஆம்பியர் இழுக்கும். மேலே கருவிகளைக் கழற்றிவிட்டு, கேபிளின் பிளஸ், மைனஸ் மேல் முனைகள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். கீழே பேட்டரியின் ஃபியூஸுக்குப் பிறகு பல்பு, பல்புக்குப் பிறகு கேபிள் என்று ஒரே தொடராக இணையுங்கள். பல்பு நடுவில் இருப்பதால் ஆம்பியர் எல்லை மீறாது. பல்பு இல்லாமல் மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள். இப்போது கேபிளின் இரண்டு கீழ் முனைகளுக்குக் குறுக்கே வரும் வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் கேபிளின் உண்மையான தடை. 2.5 ஸ்கொயருக்கு 1 ஓம் வர வேண்டிய இடத்தில் 1.6 வந்தால், செம்பு பூசிய அலுமினியத்தை உங்கள் தலையில் கட்டியிருக்கக்கூடும். கத்தியால் ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருக்கும். புதுக் கேபிள் வாங்கினால் ஏற்றுவதற்கு முன்பே, சுருளாக இருக்கும்போதே, இந்தச் சோதனையைச் செய்வதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஏற்றிய பிறகு கண்டுபிடித்தால் இரண்டு நாள் கூலி போய்விடும்.

ஒரு தடவை மேலே இருந்த பையன் கத்தினான்: "அண்ணே, இங்க நாப்பத்தொண்ணுதான் காட்டுது!" கீழே 52 இருந்தது. 11 வோல்ட் காணோம். "தம்பி, பிரேக்கரத் தாண்டி பெட்டிக்குள்ள வர்ற முனையத் தொட்டுப் பாரு, சூடா இருக்கா?" என்றேன். சூடாக இருந்தது. முனையை வெட்டி லக் போட்டதும் 49 வந்தது. கேபிளைக் குறை சொல்லி மாற்றியிருந்தால் அந்த முனை அப்படியேதான் இருந்திருக்கும்.

எல்லா முனைகளும் சரி, கேபிள் தடையும் சரி, இருந்தாலும் வோல்ட் போதவில்லை என்றால், செலவு ஏறுகிற வரிசையில் வழிகள் இவை. மேலே வேண்டாமல் ஓடுகிற கருவியை நிறுத்துங்கள். கீழே வோல்ட்டை ஏற்றுங்கள்: 12 அல்லது 24-ஐக் கீழேயே 48 ஆக்கி அனுப்பி, மேலே கருவிக்கு வேண்டிய அளவுக்கு இறக்குங்கள். பழைய கேபிளுக்குப் பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு ஜோடியை ஓட்டி இரண்டையும் இணையுங்கள், தடை பாதியாகும். கடைசியாக, 6 ஸ்கொயரில் முழுவதும் புதிதாக. என் அனுபவத்தில் வோல்ட்டை ஏற்றுவதே பல இடங்களில் போதுமானதாக இருந்தது. கருவியின் முதுகில் எழுதியிருக்கும் உச்ச வோல்ட்டைப் பார்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். 30-க்கு மேல் தாங்காத கருவிக்கு 48 கொடுத்தால் அதோடு அதன் கதை முடிந்தது.

புதுக் கேபிள் என்றால் சோலார் கேபிள் வாங்குங்கள். கூரை சோலார் வந்த பிறகு எல்லா ஊரிலும் 4, 6 ஸ்கொயரில் கிடைக்கிறது. வெயில் தாங்கும் உறை, ஈயம் பூசிய செம்பு. வீட்டுக்குப் போடுகிற பிவிசி ஒயரைத் திறந்த வெயிலில் ஏற்றினால் சில வருடத்தில் உறை வெடித்துப் பொரிந்துவிடும்.

## அறிகுறி 3: கரன்ட் போனால் மட்டும் சில ரேடியோக்கள் இறங்குகின்றன

மின்சாரம் இருக்கும்போது சார்ஜர் பேட்டரியை 54 வோல்ட் அளவில் வைத்திருக்கும். மின்சாரம் போன சில மணி நேரத்தில் அது 48-க்குக் கீழே வரும். வழியில் 2 வோல்ட் இழந்தால் மேலே 46. ஸ்விட்ச் ஓடும், சில ரேடியோக்களும் ஓடும், அதிகம் இழுக்கிற ரேடியோ மட்டும் அணையும். பார்ப்பவர்களுக்கு அந்த ரேடியோதான் பழுது என்று தோன்றும்.

பிஓஇ (நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரமும் அனுப்பும் முறை) விதியில் 15 வாட் வகைக்கு ஸ்விட்சின் போர்ட்டில் 44 வோல்ட் போதும், 30 வாட் வகைக்கு 50 வோல்ட் வேண்டும். அவ்வளவுதான் விஷயம். 46 வோல்ட்டில் முதல் வகை உயிரோடு இருக்கும், இரண்டாம் வகைக்கு உத்தரவாதம் இல்லை. கீழே 54 வோல்ட்டை நிலையாகக் கொடுக்கும் டிசி கன்வெர்ட்டர் ஒன்றைப் பேட்டரிக்கும் கேபிளுக்கும் நடுவில் வைத்தால் தீரும். 57-ஐத் தாண்ட விடாதீர்கள்.

கன்வெர்ட்டர் வாங்குவதற்கு முன் பேட்டரியைப் பாருங்கள். மின்சாரத்தை அணைத்து, சுமை ஓடும்போது நான்கு பேட்டரிகளையும் தனித்தனியாக அளக்க வேண்டும். மற்ற மூன்றைவிட ஒன்று அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் அது போய்விட்டது. மின்சாரம் போன பத்து நிமிடத்திலேயே எல்லாம் இறங்குகிறது என்றால் கேபிளைத் தொடவே வேண்டாம், பேட்டரிதான்.

ஒரே ஒரு ரேடியோ மட்டும் எந்த நேரமும் தகராறு செய்தால் ஸ்விட்சிலிருந்து அதற்குப் போகும் நெட்வொர்க் கேபிளைச் சந்தேகியுங்கள். அங்கேயும் செம்பு பூசிய அலுமினியம் உண்டு.

## அறிகுறி 4: மழை பெய்தால் மட்டும்

ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் புகார் குவியும். தண்ணீர் எங்கே இறங்கியிருக்கிறது என்பதைக் கீழ்ப் பெட்டியே சொல்லும். கீழ் முனையில் லக்கைக் கழற்றிப் பாருங்கள். செம்பு பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தால், மேல் முனையில் நுழைந்த தண்ணீர் இழைகளுக்கு நடுவே 60 மீட்டரும் உறைக்குள்ளேயே வழிந்து வந்திருக்கிறது. கீழ்ப் பெட்டிக்குள் மழை போகவே இல்லை, இருந்தும் உள்ளே ஈரம் என்றால் இதுதான்.

களிம்பு இல்லை, முனை பளிச்சென்று இருக்கிறது. அப்படியானால் மேல் பெட்டியில்தான் நுழைகிறது. கேபிள்கள் எல்லாம் பெட்டியின் அடிப்பக்கத்திலிருந்தே நுழைய வேண்டும். நுழைவதற்கு முன் கேபிள் ஒரு முழம் கீழே தொங்கி வளைந்து மேலே ஏற வேண்டும், தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். கேபிள் நுழையும் துளையை அடைக்கும் கிளாண்டில் ரப்பர் கேபிளைக் கவ்வியிருக்க வேண்டும். ஒரே கிளாண்டுக்குள் இரண்டு கேபிளைத் திணித்திருந்தால் நடுவில் இடைவெளி கட்டாயம் இருக்கும்.

களிம்பு இருக்கிறது. பச்சை முடியும் வரை வெட்டிக்கொண்டே வாருங்கள். ஒரு முழத்துக்குள் நல்ல செம்பு வந்தால் சரி, புது லக் போட்டு, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன் மேல் வெயிலுக்குக் கறுப்பு டேப். ஒரு மீட்டர் வெட்டியும் பச்சை போகவில்லை என்றால் அந்தக் கேபிளைக் காப்பாற்ற முடியாது. கடலோர டவர்களில் உப்புக் காற்று இதை இன்னும் விரைவாகச் செய்யும். ராமேசுவரம், நாகப்பட்டினம் பக்கம் ஈயம் பூசாத செம்பு போடவே கூடாது என்பது என் கருத்து.

சந்தேகம் இருந்தால் மெக்கர், அதாவது உறையின் காப்புத் தடையை அளக்கும் மீட்டர். கேபிளின் இரண்டு முனைகளிலும் கருவிகள், இடி தாங்கி (இடியால் வரும் மிகை வோல்ட்டை எர்த்துக்குத் திருப்பும் சிறு கருவி) எல்லாவற்றையும் கழற்றிய பிறகுதான் 500 வோல்ட்டில் சோதிக்க வேண்டும். கழற்ற மறந்தால் சோதனையே ரேடியோவைக் கொன்றுவிடும். உலர்ந்த நல்ல கேபிள் நூற்றுக்கணக்கான மெகா ஓம் காட்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே என்றால் மாற்றத்தான் வேண்டும். மெக்கர் பழக்கம் இல்லாதவர்கள் இந்த இடத்தில் ஓர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிடுங்கள்.

## அறிகுறி 5: பிரேக்கர் ட்ரிப் ஆகிறது

போட்ட கணமே விழுகிறது, மேல் முனையைக் கழற்றியும் விழுகிறது. கேபிளில் ஷார்ட், அல்லது இடி தாங்கி உள்ளே ஒட்டிக்கொண்டது. முதலில் இடி தாங்கியைக் கழற்றிப் பாருங்கள், அது மலிவு.

மேல் முனையைக் கழற்றினால் நிற்கிறது. கருவிகளை ஒவ்வொன்றாக இணையுங்கள். ஒன்றைச் செருகியதும் விழுந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டது. தனித்தனியே எல்லாம் நின்று, மொத்தமாகப் போட்டால் விழுகிறது என்றால் எல்லாக் கெப்பாசிட்டர்களும் ஒரே நேரத்தில் நிரம்ப இழுக்கிற முதல் இழுப்புதான் காரணம். சி வகைப் பிரேக்கர் போட்டால் பெரும்பாலும் தாங்கும். அதற்காக ஆம்பியரை மட்டும் ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். பிரேக்கர் கேபிளைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. 2.5 ஸ்கொயருக்கு 10 ஆம்பியர் தாராளம்.

ஒரு மணி நேரம் கழித்து விழுகிறது. பெரும்பாலும் பிரேக்கரின் முனை தளர்ந்து சூடாகிறது. தொட்டுப் பார்த்தாலே தெரியும்.

பிரேக்கரை ஒரு தடவை கழற்றி அதன் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஏசி என்று மட்டும் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். ஏசியில் கரன்ட் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டு வருவதால் பொறி தானாக அணையும். டிசியில் பூஜ்யம் கிடையாது, திறந்த காண்டாக்ட்டுக்கு நடுவே பொறி நின்று எரியும். டிசி பிரேக்கர் சோலார் கடைகளில் கிடைக்கிறது. சிலவற்றில் பிளஸ், மைனஸ் குறி போட்டிருக்கும், அதை மாற்றி மாட்டினாலும் ஆபத்துதான்.

## அறிகுறி 6: நெட்வொர்க் கேபிளைச் செருகியதும் பொறி பறக்கிறது

வேறு நிறுவனத்தின் டவரில் இடம் வாங்கி, அவர்களுடைய 48 வோல்ட்டையே எடுத்துக்கொண்டால் இது நடக்கும். தொலைத்தொடர்பு டவர்களில் பிளஸ்தான் எர்த்தில் இருக்கும். நம்முடைய பல ரேடியோக்களிலும் ஸ்விட்ச்களிலும் மைனஸ், உலோக உடம்போடு சேர்ந்திருக்கும். ஷீல்டு (உள்ளே உலோக உறை) உள்ள கேபிளைச் செருகியதும் இரண்டும் டவர் வழியாகச் சந்தித்துக்கொள்ளும்.

சோதனை எளிது. எர்த் பட்டைக்கும் பிளஸுக்கும் நடுவே அளங்கள், பிறகு எர்த்துக்கும் மைனஸுக்கும் நடுவே. எது பூஜ்யத்தை ஒட்டி வருகிறதோ அதுதான் எர்த்தில் இருக்கிறது. பிளஸ் எர்த் என்றால், உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் உள்ளே தொடர்பே இல்லாத கன்வெர்ட்டர் ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். ஷீல்டை வெட்டிவிட்டுச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள், அதைச் செய்யாதீர்கள். அவர்களுடைய பவர் பெட்டிக்குள் உள்ள எதையும் நீங்கள் மாற்ற வேண்டாம். அது அந்த நிறுவனத்தின் ஆள் வந்து செய்ய வேண்டிய வேலை.

## அறிகுறி 7: இடிக்குப் பிறகு

சித்திரை, வைகாசி கோடை இடிக்குப் பிறகு டவர் மொத்தமும் அமைதியாகிவிட்டால், கேபிளின் இரண்டு முனைகளிலும் உள்ள இடி தாங்கிகளின் சின்னக் கண்ணாடியைப் பாருங்கள். பச்சை சிவப்பாக மாறியிருந்தால் அது தன் வேலையைச் செய்துவிட்டது, மாற்றுங்கள். பச்சையாகவே இருந்தும் கருவி போயிருந்தால் எர்த் இணைப்பில் பிழை இருக்கலாம். இடி தாங்கியிலிருந்து எர்த்துக்குப் போகும் ஒயர் குட்டையாக, நேராக இருக்க வேண்டும். மிச்ச ஒயரைச் சுருட்டிக் கட்டி வைத்திருந்தால் இடி அந்த வழியில் போகாது, உங்கள் ஸ்விட்ச் வழியாகப் போகும். டவர் எர்த், பேட்டரிப் பெட்டி எர்த், மின்வாரிய மீட்டர் பக்கத்து எர்த் மூன்றும் தனித்தனியாக நிற்கக் கூடாது, ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும். எர்த் குழியின் தடையை அளப்பதும் இணைப்பதும் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனின் வேலை.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நெட்வொர்க் கேபிளுக்கு விற்கிற, வாயுக் குழாய் உள்ள சின்ன இடி தாங்கியை 48 வோல்ட் லைனில் பிளஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கே போடக் கூடாது. இடியில் ஒரு தடவை பற்றிக்கொண்டால் பேட்டரியின் கரன்ட்டே அதை அணைய விடாமல் எரித்துக்கொண்டிருக்கும். டிசி பவருக்கென்றே செய்தது, தொடர்ந்து 60 வோல்ட்டுக்கு மேல் தாங்குவது வேண்டும்.

## வேறு ஆளை அழைக்கும்போது

உயரத்தில் ஏறப் பயிற்சி இல்லாதவர்கள் கீழே செய்யக்கூடிய எல்லாச் சோதனைகளையும் செய்துவிட்டு, அந்த எண்களோடு ஆளைக் கூப்பிடுங்கள். பேட்டரி உப்பியிருந்தாலோ, அழுகிய முட்டை வாசம் வந்தாலோ பெட்டியைத் திறந்து காற்றோட்டம் விட்டு விலகி நில்லுங்கள், அதற்கு மேல் உங்கள் வேலை இல்லை. டவரின் காலோ போல்ட்டோ துருப்பிடித்து ஆடினால் கேபிளை மறந்துவிட்டு உரிமையாளருக்குச் சொல்லுங்கள்.

வருகிறவருக்கு "லிங்க் வரமாட்டேங்குது" என்று மட்டும் சொன்னால் அவரும் ரேடியோவைத்தான் தூக்கிக்கொண்டு வருவார். நான் ஒவ்வொரு கீழ்ப் பெட்டியின் கதவுக்கு உள்பக்கமும் ஒரு தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டியிருக்கிறேன். தேதி, கீழே வோல்ட், மேலே வோல்ட், ஆம்பியர், கேபிள் அளவு, எத்தனை மீட்டர், எந்த முனையில் எர்த். எல்லாம் நன்றாக ஓடுகிற நாளில் எடுத்த எண்கள் முதல் வரியில். அந்த வரி இல்லாத பெட்டி இன்னும் மூன்று பாக்கி இருக்கிறது, மழை தொடங்குவதற்குள் அவற்றிலும் எழுதிவிட வேண்டும்.